கழுத்து மாஸ்டரின் பிழைதிருத்தம்

மன்னார்த் தீவு முழுவதிலும் கழுத்து மாஸ்டரைப் போல வெட்கப்படத் தெரிந்த மனிதர் இருந்ததில்லை. ஷெல் விழுந்தால் நாங்கள் பங்கருக்குள் ஓடுவோம். அவர் நடந்துதான் வருவார். கரும்பலகையில் ஓர் எழுத்துப் பிழைத்தால் மட்டும் ஒரு கிழமைக்கு முகத்தைக் காட்டமாட்டார்.

அவர் உயிரியல் படிப்பித்தார். தனியார் வகுப்புகள் நடந்த அதே டியூட்டரியில் நான் கணக்கு. காதுக்குப் பின்னாலுள்ள எலும்பிலிருந்து மார்பெலும்புக்கும் காறையெலும்புக்கும் சரிந்து இறங்கும் கழுத்துத் தசைதான் அவருடைய செல்லம். பஸ்ஸில் முன்பின் தெரியாதவரின் கழுத்தையும் தொட்டு விளக்குவார். மானம் போகிறதே என்று நான் கடலைப் பார்த்துக்கொண்டிருப்பேன்.

ஒருநாள் கழுத்துப் பிடிப்போடு வந்தார். தலை வலத்தோளில் சாய்ந்திருந்தது. முகமோ இடப்பக்கம் திரும்பியிருந்தது. வலத்தசை சுருங்கினால் முகம் வலப்பக்கம் திரும்பும் என்று வழக்கம்போலத் தொடங்கினார். பிள்ளைகள் சிரித்தார்கள். அவர் தன் கழுத்தைத் தடவிப் பார்த்தார். வலத்தசை கல்லாக இறுகியிருந்தது. கண் பார்த்ததோ இடப்பக்கச் சுவரை. இத்தனை வருடமாகப் பிழையாகப் படிப்பித்திருக்கிறார்.

பிடிப்பு விட்டதும், பழைய மாணவர்களின் வீடு வீடாகப் போய்த் திருத்தத் தொடங்கினார். தலைமன்னாரில், வாசலில் தலைகுனிந்து நின்றவரைக் கண்டதும், மகனுக்கு ஏதோ நடந்துவிட்டது என்று ஒரு தாய் அழத் தொடங்கினார். விஷயம் தசைதான் என்று தெரிந்ததும் அழுகை நின்று ஏச்சு தொடங்கியது.

நிரோஜா என்ற மாணவி இடம்பெயர்ந்து மடு முகாமில் இருந்தாள். மாஸ்டரைத் தனியே அனுப்பப் பயந்து நானும் போனேன். சோதனைச்சாவடியில், தமிழ் தெரிந்த சிப்பாய் ஒருவன் என்ன அலுவல் என்று கேட்டான்.

"ஒரு பிள்ளைக்குச் சொல்லவேணும். வலம் இழுத்தா இடம் திரும்பும் எண்டு."

அது யாருக்கோ கொண்டுபோகும் ரகசியச் செய்தி என்று எங்களை வெயிலில் இருத்திவிட்டார்கள். மாஸ்டர் சட்டைப் பொத்தானைக் கழற்றிக் கழுத்தைக் காட்டப்போக, துவக்குகள் நிமிர்ந்தன. மத்தியானம் வந்த மருத்துவச் சிப்பாய், தன் கழுத்தில் விரல் வைத்துத் தலையைத் திருப்பிப் பார்த்து, சரிதான் என்று சிரித்த பிறகே விட்டார்கள். ஆமிக்காரனுக்குத் தெரிந்தது தனக்குத் தெரியவில்லையே என்று மாஸ்டர் வழிநெடுக முணுமுணுத்தார்.

தறப்பாள் கொட்டிலுக்கு வெளியே நின்று, அவர் சொல்லி முடிக்கும்வரை நிரோஜா பொறுமையாகக் கேட்டாள்.

"எனக்கு அப்பவே தெரியும் சேர். தொட்டுப் பாத்தனான்."

"பிறகேன் பிள்ளை சொல்லேல்ல?"

"நீங்கள் வெக்கப்படுவியள் எண்டுதான்."

இரண்டு பக்கத் தசையும் ஒன்றாக இழுத்தால் தலை முன்னே குனியும். மாஸ்டருக்குக் குனிந்தது. நெடுநேரம் நிமிரவில்லை. எனக்கும் எங்கே பார்ப்பதென்று தெரியவில்லை.

நிரோஜா போய், முகாமில் தான் படிப்பிக்கும் சின்னப் பிள்ளைகளைக் கூட்டிவந்து மணலில் இருத்தினாள்.

"இவையளுக்குச் சொல்லிக்குடுங்கோ சேர்."

அவர் தொண்டையைச் செருமினார். பிள்ளைகள் கழுத்தில் கைவைத்து, இடமும் வலமுமாகத் திரும்பித் திரும்பிப் பார்த்தார்கள்.

அடுத்த நாள் திரும்பி வரும் பஸ்ஸில், மாஸ்டர் என் தோளில் சாய்ந்து, வாயைத் திறந்தபடி நித்திரையாகிவிட்டார். எல்லாரும் பார்த்தார்கள். மன்னார் வரும்வரை நான் தோளை அசைக்கவில்லை.