மச்சானுக்கு பெல்ட் இல்லை

இந்தக் கோடையில் என் முதுகுக்குப் பின்னால் யாரும் உட்காரக் கூடாது. ஏப்ரல் மாதமே எடுத்த முடிவு இது. ‘யாரும்’ என்று கௌரவமாகச் சொல்கிறேன். ஆள் ஒருவர்தான். என் மனைவி ஹிங்கேயின் அண்ணன் வீப்ரன்.

எங்களிடம் ஒரு வீட்டு வண்டி இருக்கிறது. முன்னால் இரண்டு இருக்கை. பின்னால் அடுப்பு, கட்டில், சாப்பாட்டு மேசை, மேசையோடு சீட் பெல்ட் வைத்த ஒரு பெஞ்சு. வருஷா வருஷம் எங்கள் ஊர் ஸ்னேக்கிலிருந்து தெற்கு பிரான்சுக்கு ஒரு மூட்டை உருளைக்கிழங்கோடு கிளம்புவோம். உருளைக்கிழங்கு கட்டிலுக்கு அடியில் வரும். வீப்ரன் பெஞ்சில் வருவார். இரண்டில் உருளைக்கிழங்கு பேசாது.

வீப்ரன் முப்பத்தெட்டு வருஷம் எங்கள் ஊர்க் கால்வாயில் தூக்குப் பாலத்தை ஏற்றி இறக்கியவர். படகுக்கு வழிவிட்டு வண்டிகளை நிறுத்துவதுதான் உத்தியோகம். ஓய்வு பெற்ற பிறகு கை ஓய்ந்தது, வாய் ஓயவில்லை. “மாப்ளே, மெதுவா.” “மாப்ளே, நிறுத்து.” “மாப்ளே, இந்தப் பாலத்தக் கட்டுனவன் குடிச்சிருந்தானா?” ஆயிரத்து இருநூறு கிலோமீட்டருக்கும் இதே பாட்டு. ஹிங்கே ஓட்டும்போது நான் பக்கத்தில் உட்கார்ந்து வழி சொல்வேன். அவர் பின்னாலிருந்து என் வழியைத் திருத்துவார். அவள் பல்லைக் கடித்துக்கொண்டு ஓட்டுவாள். பாவம், அண்ணன் தொல்லை என்று நினைத்துக்கொள்வேன்.

வர வேண்டாம் என்று அவரிடம் சொல்ல எனக்குத் தைரியம் கிடையாது. கல்யாணம் ஆகாத ஒரே அண்ணன், ஹிங்கேவுக்கு உயிர். ஆனால் சட்டத்துக்கு அந்தப் பயம் இல்லையே. பெல்ட்டைக் கழற்றிவிட்டால் பெஞ்சு பயண இருக்கை ஆகாது. பெஞ்சு போனால் வீப்ரனும் போச்சு.

சாக்கும் தயாராக இருந்தது. அந்த பெல்ட்டின் கொக்கி மத்தியானத் தூக்கத்தில் இடுப்பில் குத்துகிறது என்று போன வருஷம் ஹிங்கே முனகியிருந்தாள். அவள் தோழிகளோடு ஒரு வாரம் தீவுக்குப் போனதும் வண்டியைப் பட்டறையில் விட்டேன். பெல்ட், அதைத் தாங்கும் இரும்புச் சட்டம், எல்லாவற்றையும் எடுத்துவிட்டு மெத்தென்று ஒரு சோபா போடச் சொன்னேன்.

“அப்புறம் வண்டி ஓடும்போது இங்க ஒருத்தரும் உட்காரக் கூடாது சார்,” என்றார் மெக்கானிக். “இனி இது ரெண்டு பேர் வண்டிதான்.”

“அதை எழுதிக் கொடுங்க,” என்றேன்.

இதை எழுதி வாங்கிய முதல் ஆள் நான்தானாம். கையெழுத்தும் போட்டுக் கொடுத்தார்.

ஹிங்கே வந்ததும் பயந்துகொண்டே வண்டிக் கதவைத் திறந்து காட்டினேன். சோபாவில் படுத்துப் பார்த்தாள். இந்தப் பக்கம் புரண்டாள், அந்தப் பக்கம் புரண்டாள். மெக்கானிக்கின் தாளை நிதானமாகப் படித்தாள்.

“நல்லா இருக்குங்க,” என்றாள். “குத்தல.”

“உங்கண்ணன்தான் பாவம்,” என்று முகத்தைத் தொங்கப்போட்டேன். “அவரப் பத்தி நான் யோசிக்கவே இல்ல பாரு.”

“நீங்க யோசிக்கலைன்னு எனக்குத் தெரியாதா?”

அவ்வளவுதான். சண்டை இல்லை, கண்ணீர் இல்லை. பெரிய பாரம் இறங்கியது. இரண்டு மாதமாகக் குறைந்திருந்த பசி அன்றைக்கே திரும்பி வந்து, பட்டாணி சூப்பை மூன்று தட்டு குடித்தேன்.

ஞாயிற்றுக்கிழமை வீப்ரன் காபிக்கு வந்தார். ஹிங்கே ஊர் வழக்கப்படி ஆளுக்கொரு பிஸ்கட் மட்டும் கொடுத்து டப்பாவை மூடிவிட்டு, விஷயத்தை அவளே சொன்னாள். அவர் தாளை இரண்டு முறை படித்தார். வாழ்நாள் முழுக்க விதிப்படி பாலம் தூக்கிய மனிதர், எழுத்தில் இருப்பதை எதிர்த்துப் பேச மாட்டார். “சட்டம்னா சட்டந்தான் மாப்ளே,” என்று தாளை நாலாக மடித்துத் திருப்பிக் கொடுத்தார். எனக்கும் கஷ்டமாகத்தான் இருந்தது. டப்பாவை நானே திறந்து இரண்டாவது பிஸ்கட்டை எடுத்தேன். எங்கள் ஊரில் அது சாதாரண துணிச்சல் இல்லை.

அண்ணன் ரயிலில் வரட்டும், அங்கே நாம் வண்டியை நிறுத்தும் கேம்பில் பக்கத்திலேயே ஒரு கூடாரம் போட்டுக்கொள்ளட்டும் என்றாள் ஹிங்கே. எனக்கு வந்த நிம்மதியில் ரயிலைப் பற்றிப் பிரசங்கமே செய்தேன். கால் நீட்டலாம். எழுந்து நடக்கலாம். ஜன்னல் எவ்வளவு பெரிசு தெரியுமா என்றேன்.

“உங்களுக்கு அவ்வளவு ஆசையா?” என்றாள்.

“ஆசைதான். கொடுத்து வைக்கணுமே.”

அவள் எனக்கு இன்னொரு கோப்பை காபி ஊற்றினாள். டப்பாவும் திறந்தே இருந்தது. அப்போதாவது நான் சுதாரித்திருக்க வேண்டும்.

ஜூலையில் கிளம்பும் நாள். மூட்டையைக் கட்டிலுக்கு அடியில் தள்ளிவிட்டு முன்னால் வந்தால், ஹிங்கே ஓட்டுநர் இருக்கையில் உட்கார்ந்திருந்தாள். கையில் ஒரு கவர். உள்ளே இரண்டு ரயில் டிக்கெட், பக்கத்துப் பக்கத்து இருக்கை. வாசல் கேட்டருகே வீப்ரன் பையும் ஒரு முழ நீளக் காய்ந்த இறைச்சி சாஸேஜுமாக நின்றார்.

“அண்ணன் வெளிநாட்டு ரயில்ல தனியாப் போனதே இல்லைங்க. நாலு எடத்துல மாறணும். பெல்ட்டக் கழட்டுனவரு கூடப் போறதுதானே நியாயம்? நீங்களும் ஆசப்பட்டீங்க.”

“அப்ப உனக்குப் பக்கத்துல யாரு? வழி சொல்ல?”

“யாரும் இல்ல,” என்றாள்.

அதைச் சொன்னபோது அவள் முகத்தில் அப்படியொரு நிம்மதி. இருபத்தாறு வருஷத்தில் நான் பார்க்காத முகம். ஆயிரத்து இருநூறு கிலோமீட்டரும் அவள் பல்லைக் கடித்தது அண்ணனுக்காக மட்டும் இல்லை என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது. வண்டி திரும்பும்வரை கையாட்டினாள். உருளைக்கிழங்கை மட்டும் கூட்டிக்கொண்டு போய்விட்டாள்.

ரயில் ஏறினோம். என் பக்கத்தில் வீப்ரன் உட்காராமல், இருக்கையின் இடுக்கில் கையை விட்டுத் துழாவிக்கொண்டிருந்தார். பெல்ட்டைத் தேடுகிறாராம். அது இல்லாமல் உட்காரக் கூடாதே, வேறு பெட்டிக்குப் போகட்டுமா என்று கேட்டார். சுற்றியிருந்தவர்கள் என்னைப் பார்த்தார்கள்.

“ரயில்ல பெல்ட் வேண்டாம் மச்சான்,” என்றேன். “தாராளமா உட்காருங்க.”