அப்பா தயிரை விட்ட கதை

கரமனை,
ஜூலை 1998

அன்புள்ள சேஷன் மாமாவுக்கு, கோமதி அநேக நமஸ்காரம். மாமிக்கும் சொல்லவும். இங்கு எல்லோரும் க்ஷேமம் என்று எழுதிவிட்டு மேலே போவதுதான் முறை. அப்பா க்ஷேமமா என்பது எனக்கே தெரியாததால் அந்த வரியை விட்டுவிடுகிறேன்.

அவருக்கு டைபாய்டு ஜுரம் இறங்கிவிட்டது, வயிற்றுப்போக்குதான் நிற்கவில்லை. மாத்திரைகள் கெட்ட கிருமிகளோடு குடலில் இருந்த நல்லவற்றையும் கொன்றிருக்கும், தினமும் தயிர் சாப்பிடுங்கள் என்றார் டாக்டர். தயிரில் அப்படி என்ன இருக்கிறது என்று அப்பா பஸ்ஸில் கேட்க, நான் லைப்ரரியில் படித்ததை வைத்து, ஒரு ஸ்பூனில் கோடிக்கணக்கான பாக்டீரியா உயிரோடு இருக்கும் என்றேன். அன்றோடு தயிர் நின்றது. "முட்டைகூட நுழையாத ஆத்துல இத்தனை காலம் கோடி ஜீவனைப் பெசஞ்சு சாப்ட்டிருக்கோமேடீ" என்றார். அம்மா மோர்க்குழம்பு வைத்தாள். கொதிக்க வைத்தது அதைவிடப் பாவம் என்று அதையும் நகர்த்தினார். தயிராகவே சாப்பிட்டால் அவை சாவதில்லை, குடலில் குடியிருந்து நாம் தின்னும் நாரைத் தின்று நமக்கே நல்லது செய்கின்றன என்றேன். பெரும்பாலானவை வயிற்று அமிலத்திலேயே முடிந்துவிடும் என்பதைச் சொல்லவில்லை. அப்பா, "அப்போ ஏகாதசிக்கு நான் பட்டினி கெடந்தா அதுகளும் பட்டினியா?" என்றார். இந்த ஏகாதசிக்கு உபவாசம் இல்லை, வாழைத்தண்டுக் கறி. சாமிக்கு இருந்த விரதத்தைப் பூச்சிக்காக விட்டவர் இவர் ஒருத்தர்தானாக்கும் என்கிறாள் அம்மா. குடலுக்குள் சாப்பிட ஆளே இல்லை என்பதால்தானே, மாமா, டாக்டர் தயிர் சொன்னது? வெறும் வீட்டுக்கு வாழைத்தண்டு போய்க்கொண்டிருக்கிறது, அப்பாவுக்கு வேட்டி இடுப்பில் நிற்கவில்லை.

நீங்கள் விலங்கியல் வாத்தியார். பாக்டீரியா விலங்கில்லை என்று ஒரு வரி எழுதுங்கள், உங்கள் பேச்சைத்தான் கேட்பார். செடி என்று மட்டும் எழுதிவிடாதீர்கள். பழைய புத்தகத்தில் அப்படித்தான் இருக்கிறது, புதியதில் இரண்டும் இல்லை என்கிறார்கள். எனக்குத் தலை சுற்றுகிறது.

உங்கள் இருவர் ஆசியும் வேண்டும்,
கோமதி

பி.கு.: இந்த இன்லண்ட் கடிதத்தை ஒட்டப் போனபோது அப்பா அடுக்களையில் தயிர்சாதம் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். அம்மா உறைமோர்க் கிண்ணத்தைக் கையில் வைத்துக்கொண்டு, "கேட்டேளா, கல்யாணமாகி வரச்சே எங்காத்துலேர்ந்து கொண்டுவந்த உறை இது. வம்சமா வர்றது. சாப்ட ஆளில்லேன்னா இன்னிக்கு உறைகுத்தலை, வம்சம் இதோட முடியட்டும்" என்றாளாம். வம்சம் அழியக் கூடாதென்று அப்பா உட்கார்ந்துவிட்டார். நீங்கள் ஒன்றும் எழுத வேண்டாம். எனக்கும் தட்டு போட்டாயிற்று. தயிர் விட்டும் ஆயிற்று. கோடி ஜீவன் என்று சொன்ன நான்தான் இன்னும் கை வைக்கவில்லை.