ரத்தத்தைக் கண்டால் ஓடிவருபவர்

அடிபடுகிறவர்கள் ஒரு வகை. அடிபட்டவரை நோக்கி ஓடிவருகிறவர்கள் இன்னொரு வகை. முதல் வகையைப் பற்றி டாக்டர்கள் எழுதட்டும். எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்ட நான், இரண்டாம் வகையைப் பற்றி மட்டும் எழுதுகிறேன். பத்துப் பன்னிரண்டு வருஷமாக ராஜபாளையத்திலும் ஸ்ரீவில்லிபுத்தூரிலும் இவரைக் கவனித்து வருகிறேன். ஒரு நோட்டில் தேதி, இடம், காயம், இவர் செய்தது என்று நான்கு கட்டம் கட்டிக் குறித்தும் வைத்திருக்கிறேன்.

நீங்களும் இவரைப் பார்த்திருக்கிறீர்கள். பஸ் ஸ்டாண்டில் ஒருவர் மயங்கி விழுகிறார். விழுந்தவரின் தலை தரையைத் தொடுவதற்குள் இவர் வந்துவிடுவார். “தள்ளுங்கய்யா, காத்து வரட்டும்” என்பார். சொல்லிவிட்டு, காற்று வருகிற ஒரே பக்கத்தில் தானே குத்தவைத்து உட்கார்ந்துகொள்வார். அடுத்ததாக, “யாருப்பா அது, ஓடிப்போயி ஒரு சோடா வாங்கிட்டு வா” என்பார். சோடா வரும். கால் பங்கு மயங்கியவரின் முகத்துக்கு, கால் பங்கு நினைவில்லாத அவர் வாய்க்கு, மீதி அரைப் பங்கு இவருக்கு. பாவம், பதற்றத்தில் இவருக்கும் நாக்கு வறண்டுபோயிருக்கும் அல்லவா?

இவரிடம் எல்லாக் காயத்துக்கும் கைவசம் மருந்து உண்டு. வெட்டுக் காயமா, காப்பித்தூள். எந்தக் கடைக் காப்பித்தூள் என்பதில் மட்டும் இவர்களுக்குள் கருத்து வேறுபாடு இருக்கிறது. சிக்கரி கலந்தது பிடிக்காது என்று ஒருவர் என்னிடம் அரை மணி நேரம் விளக்கினார். வலிப்பா, கையில் சாவிக்கொத்து. எங்கள் தெருவில் ஒருவருடைய பீரோ சாவி இப்படிப் போனதுதான், வலிப்பு நின்றது, சாவி வரவில்லை. கை பிசகியிருக்கிறதா, பிடித்து ஒரு இழுப்பு. பிசகியது ஒடிந்துவிடும், பிறகு ஒடிந்ததற்கு ஒரு வைத்தியம். தென்னையிலிருந்து விழுந்தவரை என்ன செய்வார் என்கிறீர்கள்? இரண்டு பேரை விட்டுத் தூக்கி நிறுத்துவார். “நட. நடந்து பாரு. நடந்தாத்தான் ரத்தம் ஓடும்” என்பார். நடக்க முடிந்தால் அந்த மனிதர் ஏன் கீழே கிடக்கிறார் என்ற கேள்வி அந்தக் கூட்டத்தில் ஒருவருக்கும் தோன்றாது.

இவர் கெட்டவரா? இல்லை. அதுதான் சிக்கல். கெட்டவராக இருந்தால் தூர நிறுத்திவிடலாம். இவர் நல்லவர். தன் வேலையைப் போட்டுவிட்டு வருகிறவர். சொந்தக் காசில் சோடா வாங்குகிறவர். என்ன செய்ய?

இந்த இனத்தில் எங்கள் வட்டாரத்துக்கென்றே ஒரு தனி வகை உண்டு. ராஜபாளையத்திலிருந்து சத்திரப்பட்டிப் பக்கம் போனால் வீட்டுக்கு வீடு விசைத்தறி ஓடும். அங்கே நெய்வது சேலையோ வேட்டியோ அல்ல. ஆஸ்பத்திரிகளுக்கான பேண்டேஜ் துணி. எங்கோ வடக்கே முகம் தெரியாத ஒருவர் கால் உடைந்து கட்டுப் போட்டுப் படுத்திருந்தால், அந்தக் கட்டு எங்கள் பக்கத்துத் தறியில் ஓடியதாக இருக்கலாம். பெருமைப்பட வேண்டிய விஷயம்தான், நானும் படுகிறேன். ஆனால் பேண்டேஜ் நெய்கிறவர் பாதி டாக்டர் என்று ஒரு நம்பிக்கை இங்கே எப்படியோ வேர்விட்டுவிட்டது. சிலேட்டு விற்பவரைப் பாதி வாத்தியார் என்று யாராவது சொல்கிறார்களா?

தனுஷ்கோடி அண்ணாச்சிக்கு எட்டுத் தறி. ஆகவே அவர் முக்கால் டாக்டர். ஸ்கூட்டரின் முன்பக்கத்தில் எப்போதும் ஒரு சுருள் துணியும் கத்தரிக்கோலும் வைத்திருப்பார். வழியில் யாராவது அடிபட்டுக் கிடந்தால் உதவும் என்று சொல்வார். அவர் போகிற வழியில் யாரும் அடிபடாத நாட்களில் முகம் கொஞ்சம் வாடித்தான் இருக்கும்.

தொண்ணூற்றிரண்டாம் வருஷம், மாசி மாதம், ஒரு ஞாயிற்றுக்கிழமை. வன்னியம்பட்டியில் எங்கள் சித்தப்பா தோட்டத்தில் கரும்பு வெட்டு. வேதக்கோயில் ஆராதனை முடிந்த கையோடு நானும் என் தங்கச்சி கிருபாபாயும் போயிருந்தோம். கிருபாபாய் ராஜபாளையத்தில் ஒரு மில்லின் மருந்தகத்தில் நர்ஸ். முதலுதவிப் பயிற்சியில் அவள்தான் முதலாவதாகத் தேறியவள். கூடப் பிறந்தவள் என்பதற்காகச் சொல்லவில்லை, சான்றிதழில் அப்படித்தான் போட்டிருக்கிறது. அதற்குக் கண்ணாடி போட்டு மாட்டியவன் நான். சட்டம் சாயாமல் இருக்கிறதா என்று வாரம் ஒரு முறை பார்த்துக்கொள்கிறேன்.

பதினொரு மணி இருக்கும். கிருபாபாய் தோட்டத்தின் மறுகோடியில் சித்தியோடு இருந்தாள். இங்கே கரும்பு வெட்டிக்கொண்டிருந்த தங்கச்சாமிக்கு அரிவாள் நழுவி, இடது முன்கையில் மணிக்கட்டுக்கு மேலே ஆழமாக இறங்கிவிட்டது. தங்கச்சாமிக்கு முப்பது வயது. அந்த இரண்டு கைகளைத் தவிர அவருக்கு வேறு சொத்து கிடையாது. வெட்டிய கரும்பைக் கட்டுக் கட்டிக்கொண்டிருந்த அவர் மனைவி வெள்ளத்தாய் ஓடிவந்து, பார்த்து, அப்படியே உட்கார்ந்துவிட்டாள்.

பக்கத்துத் தோட்டம் தனுஷ்கோடி அண்ணாச்சியுடையது. வரப்பில் அவர் ஓடிவந்ததை நான் பார்த்தேன். அறுபது கிலோ துணியைத் தூக்கித் தூக்கிப் பழகிய உடம்பு, ஒரு துள்ளலில் வாய்க்காலைத் தாண்டியது. கையில் சுருளும் கத்தரிக்கோலும்.

“தள்ளுங்கய்யா, காத்து வரட்டும். ஏலே தங்கச்சாமி, பயப்படாத. அண்ணாச்சி வந்துட்டேன்லா.”

தங்கச்சாமியை ஒரு கரும்புக் கட்டின் மேல் உட்காரவைத்து, கையைத் தொங்கப் போட்டுவிட்டுச் சுற்ற ஆரம்பித்தார். நானும் கைகட்டிப் பார்த்துக்கொண்டு நின்றேன். அழகாகச் சுற்றினார், அதை மறுக்க மாட்டேன். மணிக்கட்டிலிருந்து முழங்கை வரை, முழங்கையிலிருந்து மணிக்கட்டு வரை, மறுபடி மேலே, மறுபடி கீழே; கை தலையணை போலப் பருத்தது. துணி அப்படியே வெள்ளையாக இருந்தது. ஒரு சொட்டுச் சிவப்பு இல்லை.

“பாத்தீகளா? நின்னுருச்சு” என்றார் அண்ணாச்சி. “நம்ம துணி அப்பிடி.”

வெள்ளத்தாய் கையெடுத்துக் கும்பிட்டாள். அண்ணாச்சி அடுத்த கட்டத்துக்குப் போனார். “யாராவது ஒரு சோடா வாங்கிட்டு வாங்க. ஏ, வீட்ல காப்பித்தூள் இருக்கா?”

அப்போதுதான் கிருபாபாய் சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு ஓடிவந்தாள். கட்டைப் பார்க்கவில்லை. தங்கச்சாமியின் உதட்டைப் பார்த்தாள். வெளிறிப்போயிருந்தது.

“அண்ணாச்சி, இது எப்ப தறியில இருந்து எறங்குன துணி?”

“நேத்துத்தான் தாயி. புத்தம்புதுசு.”

“வெளுத்ததா?”

“வெளுப்புக்கு அடுத்த வாரம்லா போவும்.”

“கஞ்சியும் பிசுக்குமா இருக்குத துணி ரத்தத்தைக் குடிக்காது அண்ணாச்சி. கீழ பாருங்க.”

எல்லோரும் கீழே பார்த்தோம். மணிக்கட்டுப் பக்கத்துத் துணிக்கும் தோலுக்கும் நடுவே வழி கண்டுபிடித்து, ரத்தம் பின்பக்கமாகச் சொட்டிக்கொண்டே இருந்திருக்கிறது. கீழே கிடந்த காய்ந்த இலை, கரும்புச் சோகை, ஒரு முறம் அகலத்துக்கு நனைந்திருந்தது. (பிற்பாடு அதே துணியில் ஒரு முழம் வாங்கி, வீட்டில் ஒரு டம்ளர் தண்ணீர் விட்டுச் சோதித்தேன். சேம்பிலையில் ஓடுவதுபோல உருண்டு ஓடியது. நோட்டில் எழுதியிருக்கிறேன்.) தறியில் பிறந்து தறியில் வளர்ந்த மனிதருக்கு, வெளுப்புக்குப் போய் வந்த பிறகுதான் அது பேண்டேஜ் என்பது தெரியாதா? நன்றாகவே தெரியும். வியாபாரத்தில் தெரியும். ரத்தத்தைப் பார்த்ததும் மறந்துவிட்டது.

“படுக்க வைங்க. அண்ணே, ஒந் துண்டைத் தா.”

ஆராதனைக்காக வெளுத்து இஸ்திரி போட்ட துண்டு. நான்காக மடித்துக் கொடுத்தேன். அண்ணாச்சியின் கத்தரிக்கோலாலேயே அந்தத் தலையணையை ஒரே வெட்டாக வெட்டித் தள்ளிவிட்டு, துண்டைக் காயத்தின் மேல் வைத்து, உள்ளங்கையால் அழுத்தி, கையை மேலே தூக்கிப் பிடித்துக்கொண்டாள். அவ்வளவுதான். மருந்தில்லை, தூளில்லை, சுற்றவில்லை. கூட்டத்துக்கே ஏமாற்றமாக இருந்தது.

“இம்புட்டுத்தானா?” என்றார் அண்ணாச்சி.

“இம்புட்டுத்தான். அண்ணாச்சி, ஒங்க குரலு ரோடு வரைக்கும் கேக்கும். ஒரு டிராக்டரைக் கூப்பிடுங்க.”

கூப்பிட்டார். வன்னியம்பட்டியில் இருந்த மூன்று டிராக்டரும் வந்தன. அந்த விஷயத்தில் அவரைக் குறை சொல்ல முடியாது.

ஸ்ரீவில்லிபுத்தூர் ஆஸ்பத்திரிக்கு அந்த ரோட்டில் அரை மணி நேரம். டிரெய்லரில் சோகையைப் பரப்பி, மேலே சாக்கு விரித்துத் தங்கச்சாமியைப் படுக்கவைத்து, ஒரு போர்வையைப் போர்த்தினோம். அண்ணாச்சியும் ஏறிக்கொண்டார். அவரை விட்டுவிட்டுப் போக முடியுமா?

“தண்ணி” என்றார் தங்கச்சாமி.

“ஒரு வாய் குடுக்கட்டுமாக்கா?” என்று வெள்ளத்தாய் அழுதாள்.

“உதட்டை நனைச்சு மட்டும் விடு. மயக்க மருந்து குடுத்துத் தைக்கணும், வயித்துல ஒண்ணும் இருக்கப்படாது.”

வழியில் துண்டு நனைந்து சிவந்தது. கிருபாபாய் அதை எடுக்கவில்லை. சித்தி கொடுத்தனுப்பிய வேட்டித் துணியை அதன் மேலேயே வைத்து இன்னும் அழுத்தினாள். அண்ணாச்சியால் தாங்க முடியவில்லை.

“ஏத்தா, செத்த தூக்கிப் பாத்தா என்ன? நின்னுருச்சா இல்லியான்னு தெரிய வேண்டாமா?”

“வேண்டாம்.”

“இல்ல, சும்மா ஒரு ஓரமா…”

“உள்ள உறையுததைப் பிச்சு எடுத்த மாதிரி ஆயிரும் அண்ணாச்சி. பாத்தா நமக்குத்தான் நிம்மதி. அவருக்கு இல்ல.”

பாதி வழியில் அவளுக்குக் கை மரத்துவிட்டது. “அண்ணே, எங் கை மேல ஒங் கைய வை. நான் கீழ இருந்து உருவிக்கிடுதேன்” என்றாள். வைத்தேன். அழுத்தினேன். ஒரு நிமிஷம் ஒழுங்காக இருந்தேன். அப்புறம் எனக்கும் வந்துவிட்டது அந்த நினைப்பு. கீழே என்ன நடக்கிறது? நிற்கிறதா, ஓடுகிறதா? என் கட்டைவிரல் ஒரு நெல்லளவு மேலே எழும்பியது.

“அண்ணே” என்றாள், முகத்தைத் திருப்பாமலே. “எடுத்தா ஒன்னைய இங்கனயே எறக்கி விட்டுருவேன்.”

விரல் இறங்கியது. அண்ணாச்சி என்னை ஒரு மாதிரி பாசத்தோடு பார்த்தார். இனம் இனத்தைப் பார்க்கிற பார்வை. எனக்கு அது பிடிக்கவில்லை.

ஆஸ்பத்திரியில் டாக்டர்தான் முதன்முதலாகத் துணியைத் தூக்கினார். “யாரு அழுத்திப் பிடிச்சது?” என்று கேட்டார். “நான்” என்று அண்ணாச்சி முன்னால் வந்தார். டாக்டர் அவருடைய சுத்தமான கைகளைப் பார்த்தார், எங்கள் கைகளைப் பார்த்தார். ரத்தக் குழாயைத் தைத்தார்கள். நரம்பைச் சேர்க்க மதுரைக்கு அனுப்பினார்கள். தங்கச்சாமி பிழைத்தார், கையும் பிழைத்தது. சுண்டுவிரல் மட்டும் முழுதாக மடங்காது. அடுத்த வெட்டுக்கு அரிவாளோடு வந்துவிட்டார்.

தனுஷ்கோடி அண்ணாச்சி இந்தக் கதையை இன்றும் சொல்கிறார். “நான் மட்டும் அன்னைக்கு அம்புட்டுத் துணி சுத்தலைன்னா ஆளு தேறியிருக்க மாட்டான்” என்கிறார். நான் திருத்தப் போனேன். “விடுண்ணே, அவியளை நம்ம மில்லுல நடக்குத முதலுதவி வகுப்புக்கு வரச் சொல்லு” என்றாள் கிருபாபாய். வந்தார். முதல் வரிசையில் உட்கார்ந்தார். பாடம் நடத்த வந்தவருக்குக் காப்பித்தூளின் குணங்களை விளக்கிவிட்டுப் போனார்.

இனி உங்களிடம் ஒரு வார்த்தை. தங்கச்சாமியின் கை மேல் துண்டு விழுந்த இடத்திலிருந்து டாக்டர் அதைத் தூக்கிய இடம் வரைக்கும், ரத்தம் நின்றதா இல்லையா என்று நான் ஓர் இடத்திலும் எழுதவில்லை. தெரியாமல் விட்டதல்ல. அந்த அரை மணி நேரம் எங்களுக்கும் தெரியாது. தெரியாமல் இருந்ததால்தான் அந்த மனிதர் இருக்கிறார். நீங்கள் என்ன செய்தீர்கள்? வரி வரியாகக் கூடவே வந்தீர்களா, அல்லது ஆள் பிழைத்தாரா என்று கண்ணைக் கீழே ஓடவிட்டு ஒரு பார்வை பார்த்துவிட்டுத் திரும்பி வந்தீர்களா? என்னிடம் சொல்ல வேண்டாம். ஓடவிட்டிருந்தால், துணியைத் தூக்கியது நீங்கள்தான்.