வெள்ளைக் குள்ளனும் என் மகளும்

மதிப்புக்குரிய சம்பந்தி அவர்களுக்கு,

நலம். நீங்களும் சம்பந்தியம்மாளும் நலமாக இருக்கும்போதே சொல்லிவிடுவது நல்லது என்று எழுதுகிறேன். உங்கள் மகனை வந்து அழைத்துப் போங்கள்.

கண் பரிசோதனைக்காக மகள் வீட்டில் ஒரு வாரம் தங்கலாம் என்று வந்தவன், அவள் இளைத்திருப்பதைப் பார்த்துவிட்டு, ஓய்வு பெற்றவனுக்கு ஊரில் என்ன வேலை என்று இன்னும் இங்கேயே இருக்கிறேன். வானாய்வுக் கூடத்து வேலை அப்படி என்றுதான் முதலில் நினைத்தேன். நேற்று அவள் கூட வேலை பார்க்கும் தோழியிடம் போனில் பேசியதைக் கேட்டதும் குட்டு வெளிப்பட்டுவிட்டது. "அந்த வெள்ளைக் குள்ளன் துணைகிட்டேருந்து எல்லாத்தையும் உறிஞ்சிக்கிட்டே இருக்கான். கொஞ்ச நாள் சும்மா இருப்பான், மறுபடி ஆரம்பிச்சிடுவான். காந்தம் வேற, கேக்கணுமா?" உங்கள் மகன் நல்ல நிறம், பரணில் எதை எடுக்கவும் முக்காலி போடுகிறவர், தொழிலோ ஒலிபெருக்கி பழுதுபார்ப்பது, வீடு முழுக்கக் காந்தம், கரண்டியைத் தேடினால் அவர் சட்டைப்பையில் ஒட்டிக்கொண்டு நிற்கிறது, இதற்கு மேல் என்ன அடையாளம் வேண்டும், நீங்களே சொல்லுங்கள். சாப்பிடும்போது கண்கொத்திப் பாம்பாகப் பார்த்தேன். என் மகள் தன் தட்டில் பாதியை எடுத்து அவர் தட்டில் வைக்கிறாள், அவரும் கூசாமல் சாப்பிடுகிறார். என்னம்மா இதுன்னு கேட்டா, அவருக்குப் பசிக்கும்ப்பாங்கறா. பெத்த மனசு பதறுது சம்பந்தி. ஒருநாள் வெடிச்சிடுவான்னு வேற போன்ல சொன்னாளே, அதை நினைச்சா தூக்கமே வரல.

சம்பந்தியம்மாளுக்கு என் வணக்கம். உங்கள் முழங்கால் வலி சீக்கிரம் குணமாகட்டும். குணமாகாவிட்டாலும் புறப்பட்டு வாருங்கள்.

இப்படிக்கு,
பெண்ணைக் கொடுத்தவன்

பி.கு.: உறையில் போடுவதற்குள் மகள் படித்துவிட்டாள். சிரித்துச் சிரித்துப் புரையேறிவிட்டது அவளுக்கு. வெள்ளைக் குள்ளன் என்பது ஒரு நட்சத்திரமாம். எரிந்து முடித்து ஓய்வு பெற்றது, உருவம் சின்னது, கனம் அதிகம். பக்கத்து நட்சத்திரத்தின் வாயுவை இழுத்து, காந்தப்புலத்தின் வழியே தன் துருவங்களில் கொட்டிக்கொண்டு பளபளவென்று இருக்குமாம், அளவு மீறினால் ஒருநாள் வெடிக்கவும் செய்யுமாம். ஓய்வு பெற்றது என்றதும் மாப்பிள்ளை என்னைப் பார்த்துவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டார். மகள் அவருக்கு வைத்ததற்குக் காரணம், அவர் பங்கில் பாதி முதலிலேயே என் தட்டுக்கு வந்திருந்ததுதான். என் கண் இருக்கும் லட்சணத்தில் அதை நான் கவனிக்கவில்லை.

கடிதத்தைக் கிழிக்கப் போனேன். உங்களுக்கு அனுப்பியே தீர வேண்டும் என்கிறாள். எனக்கு வெட்கமாகிவிட்டது, ஊருக்குக் கிளம்புகிறேன் என்றேன். மாப்பிள்ளையோ என் பெட்டிச் சாவியை எடுத்துத் தன்னுடைய பெரிய காந்தத்தில் ஒட்டிவிட்டு வேலைக்குப் போய்விட்டார். காலையிலிருந்து இழுத்துப் பார்க்கிறேன், வரமாட்டேன் என்கிறது.