சுகந்தியின் பெயர் வைத்த வண்டு

புதிதாகக் கல்யாணம் கட்டி மனைவியைப் பிரிந்திருப்பவன் கையில் பசைப் போத்தலைக் கொடுக்கக் கூடாது. அனுபவத்தில் சொல்கிறேன்.

யாழ்ப்பாணத்தில் சுகந்தியைக் கட்டிய மூன்றாம் கிழமையே லண்டன் திரும்பிவிட்டேன். அவளுடைய விசா இதோ வருகிறது, அதோ வருகிறது என்று ஒன்றரை வருடம் இழுத்தது. ஷிப்ட் இல்லாத நாட்களில் கோலியர்ஸ் வுட் அறையில் தனியே இருந்தால் விசர் பிடிக்கும் (பிடித்துத்தான் இருந்தது). விலங்கியல் படித்தவன் என்று சொல்லி ஓர் அருங்காட்சியகத்தில் சம்பளமில்லாத் தொண்டனாகச் சேர்ந்தேன். மத்திய ஆசிய மலைகளில் பிடித்த வண்டுகளைக் குப்பியிலிருந்து எடுத்துச் சின்ன அட்டையில் ஒட்டவேண்டும். காலோ தலையோ கழன்றிருந்தால் அதை வண்டுக்குப் பக்கத்தில் தனியே ஒட்டுவதுதான் முறை.

கிர்கிஸ்தான் குப்பி ஒன்றில் தலையில்லாத வண்டொன்று கிடந்தது. அடியில் ஒரு தலையும் கிடந்தது. ஐயோ பாவம் என்று கழுத்திலேயே ஒட்டிவிட்டு, சுத்தமாக மறந்தும் போனேன்.

அடுத்த மாதம் மேற்பார்வையாளர் மார்கரெட், புத்தகத்தை வைத்து வண்டுகளை இனங்காணச் சொல்லித் தந்தார். ஒரு வண்டு மட்டும் எந்தப் பக்கத்திலும் அடங்கவில்லை. தலை ஒன்று சொன்னது, முதுகு வேறொன்று சொன்னது. புது இனம்! நிஜமாகவே புதிதென்றால் விவரித்து எழுதுபவரே பெயர் வைக்கலாம் என்றார் மார்கரெட். நாலு பக்கம் எழுதினேன். (பெண் பெயரென்றால் லத்தீன் முறைப்படி பின்னால் ஒரு ‘ஏ’ சேருமாம். சுகந்தியே! எழுதும்போதே கூப்பிடுவதுபோல் இருந்தது.)

அந்த நாட்களில் போனில் அவள் பேச்சுக் குறைந்துகொண்டே வந்தது. கொடுக்க என்னிடம் வேறொன்றும் இல்லை.

“மலை வண்டு ஒண்டுக்கு உம்மடை பேர் வைக்கப்போறன்.”

“வண்டுக்கோ? ஏன், பூ ஒண்டும் அம்பிடேல்லையோ?” என்றாள். ஆனால் பின்னேரத்துக்குள் அயலட்டை முழுக்கச் சொல்லிவிட்டாள்.

வண்டைச் சரிபார்க்க ஒரு நிபுணர் வந்தார். உருப்பெருக்கியில் பார்த்தார், புன்னகைத்தார், கழுத்தில் ஒரு துளி வெந்நீர் விட்டார். என் புது இனத்தின் தலை மெல்லக் கழன்று மிதந்தது. இரண்டும் எப்போதோ பெயர் வைத்த வண்டுகள். “யார் ஒட்டியது?” என்று கேட்டார். மார்கரெட் என்னைப் பார்த்தார். நான் நிலத்தைப் பார்த்தேன்.

வீடு திரும்பும் பஸ்ஸிலிருந்தே சுகந்தியிடம் ஒப்புக்கொண்டேன். மாதக்கணக்கில் கேட்காத சிரிப்பு, விழுந்து விழுந்து சிரித்தாள்.

“தலை ஒருத்தற்றை, உடம்பு இன்னொருத்தற்றை. அது நீங்கள்தான். உடம்பு லண்டனிலை, தலை இஞ்சை. உங்கடை பேரையே வையுங்கோ.” பிறகு குரல் உடைந்தது. “என்னைக் கெதியாக் கூப்பிடுங்கோவன்.”

சனம் பார்க்கிறதே என்ற வெட்கம்கூட இல்லாமல் அழுதேன்.

அவள் வந்து பதினொரு வருடம். எங்கள் வீட்டில் யாராவது யோசனையில் நின்றால் தலை கழன்றுவிட்டது என்பதுதான் பகிடி. இப்போது அந்தப் பகிடி அதிகம் விழுவது சுகந்திக்குத்தான். தாயோடு போன் பேசி வைத்துவிட்டு, கொதித்த தண்ணீர் ஆறும்வரை குசினியில் அப்படியே நிற்பாள்.

“அப்பா, அம்மாண்டை தலை கழண்டுட்டுது!” என்று மகள் கத்துவாள்.

சுகந்தியும் சிரிப்பாள். சிரித்துக்கொண்டே என்னிடம், “அம்மாவுக்கு விசா கிடைக்குமோ எண்டு இன்னொருக்கால் கேட்டுப் பாருங்கோவன்” என்பாள்.