பச்சைக்கு மருந்து

உலையிலிருந்து வந்த முதல் பாட்டிலே பச்சையாக இருந்தது. உலைக்காரர் அதை வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

பளிங்கு மாதிரி நிறமில்லாத பாட்டில் மட்டுமே போடும் உலை அது. பச்சை என்றால் மணலில் இரும்புத் துரு. மணலை அளந்து கொட்டுவது யார்? சாட்சாத் அவர் மனைவி! சாயங்காலம் மேனேஜர் பாட்டிலைப் பார்த்துவிட்டுத்தான் அவளுடைய வேலையை நிரந்தரமாக்கப் போகிறார். இன்றைக்குப் பார்த்தா இந்தக் கூத்து?

"அண்ணிகிட்ட ஒரு வார்த்தை கேட்டுருங்களேண்ணே," என்றான் கூட்டாளி. உயரத்துக்காகக் கொக்கு என்று பெயர் வாங்கியவன். "நானும் இன்னிக்குத்தான் இந்த ஷிப்டுக்கு வந்தேன்."

"கேக்கறதா? முந்தாநாள் சாப்பாட்டுல உப்பு கம்மின்னு சொன்னதுக்கே இன்னும் பேச்சில்ல. நேத்து பல்வலின்னு லீவுல கெடந்தேன், ஏன்னு கேக்கல. இப்ப போய் மணல்ல இரும்பு ஜாஸ்தின்னு சொல்லவா?"

காதும் காதும் வைத்தாற்போல் முடித்துவிட நினைத்தார். பச்சையைப் போக்க மாங்கனீசுப் பொடி ஒரு சிட்டிகை போதும். பதற்றத்தில் ஒரு கரண்டி விழுந்தது.

அடுத்த பாட்டில் கத்தரிப்பூ நிறம்.

"அழகாத்தான் இருக்குண்ணே."

"வாயை மூடிட்டுக் கரித்தூளை எடு."

கரித்தூள் ஊதாவை விரட்டியது. விரட்டிய கையோடு இரும்புடன் கூட்டுச் சேர்ந்து, அரக்கு நிறத்தில் நுரைத்துப் பொங்கியது. நுரையை அடக்க உலையை முடுக்கினார். கறுத்த கண்ணாடியோ சூட்டையெல்லாம் மேலேயே குடித்துவிட்டு அடிக்குச் சொட்டும் விடவில்லை. மேலே கண்ணாடி இளகித் தண்ணீராய் ஓடியது. அடியில் பாகாய் இறுகியது. வந்த பாட்டிலுக்குக் கழுத்து ஒரு திசை, வயிறு ஒரு திசை.

"இது நிக்குமாண்ணே?"

"சுவத்துல சாய்ச்சு வை!"

சாயங்காலம் மேனேஜர் வந்தார். கூடவே உலைக்காரரின் மனைவி, பின்னால் சரக்கேற்ற வந்த லாரி டிரைவர். மேனேஜர் பாட்டிலைப் பார்த்தார். பிறகு அவளைப் பார்த்தார்.

உலைக்காரர் குறுக்கே பாய்ந்தார். "ஐயா, அவ மேல தப்பில்ல! மணல்ல துரு இருந்ததுக்கு நான்தான் பொறுப்பு. வேணும்னா என்னை வீட்டுக்கு அனுப்புங்க!"

டிரைவர் தலையைச் சொறிந்தான்.

"துருவா? வெயில்ல எண்ணெய் கெடாம இருக்கப் பச்சைக் கண்ணாடிதான் வேணும்னு எங்க முதலாளி இந்தத் தடவை கேட்டாரு. நேத்து நான் கொண்டாந்து இறக்கின இரும்புத் தூளை, இந்த அக்காதானே பார்த்துப் பார்த்து அளந்து போட்டாங்க!"