காலுக்குத் தேச்ச மாத்திரை

ஏண்டி, ஒனக்கு வேற சோலியே இல்லையா? கெழவி காலு பளபளங்குதுன்னா பாத்துட்டுப் போவியா, எப்பிடி எப்பிடின்னு நோண்டிக்கிட்டு! சரி, உக்காரு.

எம் பேரன் செல்வத்துக்குத் திருப்பரங்குன்றத்துப் பிள்ளை கோமதி மேல ஆசை. அவுக சைவம். "கவுச்சி திங்கிற வீட்டுக்குப் பொண்ணு தரமாட்டேன்"னுட்டாரு அவுகப்பா. செல்வம் வீட்டுல மீனையே நிப்பாட்டிட்டான். நானும் திங்க மாட்டேன்னு வாக்குக் குடுத்தேன்.

பனி வரவும் காலு ரெண்டும் வத்துன கம்மா மாதிரி வெடிச்சிருச்சு. அம்புட்டு அரிப்பு! உக்காந்தா அரிக்கும், நின்னா அரிக்கும். கே.கே. நகர் டாக்டரம்மா, "சாப்பாட்டுல நல்ல கொழுப்பு பத்தலை, அதான் தோல் காயுது"ன்னுச்சு. (என்னையப் பாத்துக் கொழுப்பு பத்தலைன்னு சொன்ன மொத ஆளு அதுதான்.) மீன் எண்ணெய் மாத்திரை குடுத்து முழுங்கச் சொல்லுச்சு.

முழுங்குனா வாக்குப் போயிரும்ல? பொண்ணு கேட்டுப் போற அன்னைக்கு, வளையல்ல கெடந்த ஊக்க எடுத்து ஒரு அட்டை மாத்திரையையும் குத்தி, எண்ணெயப் பிதுக்கி ரெண்டு காலுக்கும் தேச்சுட்டேன். மூளையப் பாத்தியா!

அங்க போயி உக்காந்தா, ஃபேன் சுத்தச் சுத்த வாசம். "பக்கத்து வீட்டுல மீன் வறுக்காக போல"ன்னு கோமதியோட அம்மா சன்னலச் சாத்துனாக. சாத்தவும் இன்னும் கூடிருச்சு! கால மடக்குறேன், நீட்டுறேன், சேலைக்குள்ள ஒளிக்கிறேன். அவுக வீட்டுப் பூனை, தயிர்சோத்துலயே வளந்ததாம், ஓடி வந்து என் காலை நக்குது பாரு, விட்டாத்தானே!

அவுகப்பா எந்திரிச்சுட்டாரு. "தம்பி, மீன விட்டுட்டோம்னு சொன்னீக?"

செல்வத்துக்கு மூஞ்சி செத்துருச்சு. எனக்குப் பொறுக்கல.

"அவன வையாதீக. திங்கக் கூடாதுன்னுதான சொன்னீக? தேய்க்கக் கூடாதுன்னு சொன்னீகளா?" மடியில சொருகியிருந்த காலி மாத்திரை அட்டைய எடுத்து நீட்டுனேன்.

கோமதிக்குச் சிரிப்பு அடங்கல. என்னைய அடிகுழாய்க்கு இழுத்துட்டுப் போயி, குத்தவச்சு என் காலுக்குச் சோப்புப் போட்டா. வாசம் போகலன்னு மறுபடியும் போட்டா. "அப்பத்தா, இந்தக் கொழுப்ப ஒடம்பு தானாச் செய்யாது. உள்ள போனாத்தான் தோலுக்கு வந்து சேரும். மேல தேச்சா பூனைக்குத்தான் லாபம். நான் ஆளி விதை வறுத்துப் பொடிச்சுத் தாரேன். அது சைவந்தான்."

உள்ள அவுகப்பா சிரிக்கிற சத்தம் கேட்டுச்சு. அன்னைக்கே தேதியும் குறிச்சாச்சு. அந்தப் பொடியத் தின்னுதான்டி காலு இப்பிடிப் பளபளங்குது.

வீட்டுக்கு வந்து எறங்கவும் பக்கத்து வீட்டுக்காரிக சுத்திக்கிட்டாளுக. "பொண்ணு எப்பிடிக்கா, மரியாதை தெரிஞ்ச பிள்ளையா?"

"என்னடி கேக்குறீக? இந்தக் காலத்துல எவடி கெழவி காலத் தொடுறா? அந்தப் பிள்ளை ரெண்டு தடவ தொட்டுச்சு"ன்னேன்.